கெஹன்னா எரியும் குப்பைமேடுதானா?

நீங்கள் கேட்டது இது. சபையில் பிரசங்கித்த ஒருவர், "இயேசு நரகம் என்று சொன்ன இடத்திலெல்லாம் மூலத்தில் இருப்பது கெஹன்னா, அது எருசலேமுக்கு வெளியே இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்த குப்பைமேடு" என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் தமிழில் நரகம் என்று போட்டது தவறா, உங்கள் முஸ்லிம் நண்பர் சொல்லும் ஜஹன்னமும் இதே சொல்தானா என்று கேட்கிறீர்கள். பார்த்தால் இரண்டு சொற்களைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் அடியில் இருப்பது வேறு: இயேசு அந்தச் சொல்லைச் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த யூதருக்கு மனதில் என்ன தோன்றியிருக்கும்? ஊருக்கு வெளியே புகைகிற குப்பையா, கடவுளின் நியாயத்தீர்ப்பா? வேதாகம எபிரேயமும் கிரேக்கமும் கற்றுக்கொடுக்கிறவன் நான். வகுப்பில் இந்தக் கேள்வி வராத வருடம் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்கு உண்மை, சொல்லின் வழித்தடம் உண்மை, ஜஹன்னம் அதன் உறவுச் சொல் என்பதும் உண்மை. எரியும் குப்பைமேட்டுக்குத்தான் பழைய ஆதாரம் எதுவும் இல்லை.

சொல்லிலிருந்து தொடங்குவோம். எபிரேயத்தில் 'கே' என்றால் பள்ளத்தாக்கு. 'பென்' என்றால் மகன். 'கே பென் ஹின்னோம்' என்பது ஹின்னோமின் மகனுடைய பள்ளத்தாக்கு. நம் தமிழ் வேதாகமத்தில் ஹகரம் விழுந்து 'இன்னோம்' ஆகிவிட்டது. எபிரேயத்திலும் பெயர் ஒரே மாதிரி வருவதில்லை. யோசுவா 15:8-ல், ஒரே வசனத்துக்குள், முதலில் நீண்ட வடிவமும் பிறகு 'கே ஹின்னோம்' என்ற குறுகிய வடிவமும் வருகின்றன. 2 இராஜாக்கள் 23:10-ல் எழுத்தில் 'மகன்கள்' என்று இருக்கிறது. ஓரக் குறிப்பு அதை 'மகன்' என்று வாசிக்கச் சொல்கிறது. நம் மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் 'இன்னோம் புத்திரரின்', இன்னோரிடத்தில் 'இன்னோமின் குமாரனுடைய' என்று மாறி மாறி வருவது இதனால்தான். மொழிபெயர்த்தவர்களின் கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, ஹின்னோம் என்றால் என்ன? யாருக்கும் தெரியாது. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரனாக இருந்த ஒருவனின் பெயராக இருக்கலாம். இஸ்ரவேலர் வருவதற்கு முன் அங்கே இருந்த எபூசியரில் ஒருவனாகவும் இருக்கலாம். புலம்பலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததாகச் சொல்லி, 'ஓலமிடும் பிள்ளைகளின் பள்ளத்தாக்கு' என்று உருக்கமாக விளக்குகிறவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், இலக்கணம் இடம் கொடுக்காது. யோசுவாவின் புத்தகத்தில் இது வெறும் எல்லைக் குறிப்பு: யூதா கோத்திரத்தின் பங்குக்கும் பென்யமீனின் பங்குக்கும் நடுவே ஓடும் கோடு. பத்திரத்தில் "ஓடைக்கு வடக்கு, வரப்புக்குத் தெற்கு" என்று எழுதுவோமே, அந்த மாதிரி. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் கதையிலும், நெகேமியா 11:30-ல், பெயெர்செபா தொடங்கி இன்னோம் பள்ளத்தாக்கு வரை ஜனங்கள் குடியேறினார்கள் என்று சாதாரணமாகத்தான் சொல்லியிருக்கிறது. பயங்கரம் எல்லாம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது.

இடத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். பழைய எருசலேமின் மேற்கே, யோப்பா வாசல் பக்கத்தில் தொடங்கும் பள்ளம் தெற்கே இறங்கி, பிறகு கிழக்கே திரும்பி, கீதரோன் பள்ளத்தாக்கோடு சேர்கிறது. நடுவே சுல்தான் குளம் என்ற பழைய நீர்த்தேக்கம் இருக்கிறது. இப்போது அங்கே கோடைக்காலத்தில் இசைக் கச்சேரி நடக்கிறது. தெற்குச் சரிவில், யூதாஸின் பணத்தில் வாங்கியதாகச் சொல்லப்படும் அக்கெல்தமா என்ற நிலம். அரபியில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வாதி அர்-ரபாபா என்று பெயர். ரபாபா என்பது ஒரு நரம்பு இசைக்கருவி. இன்றைய எபிரேயப் பேச்சில் ஒரு வசதியான பிரிவினை ஏற்பட்டிருக்கிறது. ஊர்ப்பலகையிலும் வரைபடத்திலும் 'கே பென் ஹின்னோம்' என்று நீண்ட பெயர் இருக்கும், அது இடம். 'கேஹின்னோம்' என்று சுருக்கிச் சொன்னால் அது நரகம். "அப்படியானால் எருசலேம்காரர்கள் நரகத்திலா பிக்னிக் போகிறார்கள்?" என்று மாணவர்கள் சிரிப்பார்கள். பெயரளவில் அப்படித்தான்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பகுதிக்குத் தோப்பேத் என்று பெயர். அங்கேதான் பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுத்தார்கள். ஆகாஸ் ராஜா தன் பிள்ளைகளை இங்கே எரித்ததாக 2 நாளாகமம் 28 சொல்கிறது; மனாசேயும் அதையே செய்ததாக 33-ஆம் அதிகாரம் சொல்கிறது. எரேமியா 7:31-ல் கடவுள் பேசுவதாக வரும் வார்த்தை கடுமையானது: "அதை நான் கட்டளையிடவுமில்லை, அது என் மனதில் தோன்றவுமில்லை." இந்த மறுப்பை நின்று கவனிக்க வேண்டும். கட்டளையிடவில்லை என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், கட்டளையிட்டார் என்று நம்பியே அதைச் செய்தவர்கள் அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும். ஏதோ அந்நிய தேவதையின் கோயிலில் ஒதுக்குப்புறமாக நடந்த காரியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

தோப்பேத் என்ற பெயருக்கு இரண்டு விளக்கங்கள் சுற்றுகின்றன. 'தோஃப்' என்றால் எபிரேயத்தில் மேளம். பிள்ளையின் அலறல் தகப்பன் காதில் விழாமலிருக்க மேளம் கொட்டினார்கள், அதனால் தோப்பேத் என்பது யூத மரபு விளக்கம். பிரசங்கங்களில் அதிகம் கேட்பதும் இதுதான். படம் மனதைவிட்டுப் போகாது. ஆனால் பெயருக்கு ஏற்றபடி பிற்காலத்தில் கட்டிய கதை போலத்தான் எனக்குத் தெரிகிறது. இன்னொரு விளக்கம், அரமேய வழியில் அடுப்பு அல்லது எரிமேடை என்ற பொருள் கொண்ட ஒரு சொல்லை எடுத்து, அதன் மெய்யெழுத்துகளுக்குள் 'போஷெத்' என்ற சொல்லின் உயிரொலிகளைச் செருகினார்கள் என்பது. போஷெத் என்றால் வெட்கக்கேடு. வாசிக்கிறவன் அந்தப் பெயரைச் சொல்லும்போதே அருவருப்பு நாக்கில் ஒட்ட வேண்டும் என்று எழுத்தர்கள் செய்த வேலையாம். இது எனக்கு அதிகம் பொருந்துகிறது, ஆனால் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளை யாருக்கென்று தீக்குக் கொடுத்தார்களோ, அந்தத் தெய்வமாக வழக்கமாகச் சொல்லப்படும் மோளேகு என்ற பெயரிலும் இதே போஷெத் வேலை நடந்திருக்கலாம். 'மெலெக்' என்றால் ராஜா; அதே மெய்யெழுத்துகளில் வெட்கத்தின் உயிரொலிகளை வைத்தால் 'மோலெக்'. இது பழைய கருத்து. 1935-ல் ஜெர்மன் அறிஞர் ஓட்டோ ஐஸ்ஃபெல்ட் வேறு பாதையைக் காட்டினார். வட ஆப்பிரிக்காவின் பழைய நகரமான கார்த்தேஜ் பகுதியில், எபிரேயத்துக்கு நெருங்கிய பியூனிக் மொழியில் உள்ள கல்வெட்டுகளில் அதே மூன்று மெய்யெழுத்துகள் ஒரு தெய்வத்தின் பெயராக வரவில்லை, ஒரு வகைப் பலியின் பெயராக வருகின்றன என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் "மோளேகுக்கென்று" என்பது "மோளேகு பலியாக" என்று மாறிவிடும். லேவியராகமத்தில் மோளேகைப் பின்பற்றிச் சோரம் போவதைப் பற்றி வரும் வசனம் இந்தக் கருத்துக்கு இடிக்கிறது. பலியின் பின்னால் எப்படிச் சோரம் போவது? வழக்கு இன்னும் முடியவில்லை. ஒரு சின்ன எச்சரிக்கை: கார்த்தேஜில் எரிந்த சிசு எலும்புகளும் ஆட்டுக்குட்டி எலும்புகளும் உள்ள தாழிகள் கிடைத்த இடத்துக்கும் தோப்பேத் என்றுதான் பெயர். அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயரில்லை அது. 1920-களில் தோண்டியவர்கள் வேதாகமத்திலிருந்து எடுத்து ஒட்டிய பெயர். "கார்த்தேஜிலும் தோப்பேத் இருந்தது, ஆகவே எருசலேமிலும் இருந்தது" என்று யாராவது சொன்னால் வட்டமாகச் சுற்றுகிறார் என்று அர்த்தம். எருசலேமின் தோப்பேத் இருந்த இடத்தை இதுவரை யாரும் மண்ணில் கண்டுபிடிக்கவில்லை.

அப்புறம் யோசியா ராஜா வந்தான். கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அவன் நடத்திய சீர்திருத்தத்தில், இனி ஒருவனும் தன் பிள்ளையைத் தீக்கடக்கப் பண்ணாதபடிக்குத் தோப்பேத்தைத் தீட்டாக்கினான் என்று 2 இராஜாக்கள் 23:10 சொல்கிறது. எப்படித் தீட்டாக்கினான் என்று அந்த வசனத்தில் இல்லை. சில வசனங்கள் தள்ளி, வேறு மேடைகளை மனித எலும்புகளால் தீட்டுப்படுத்தியதாக வருகிறது. இங்கேயும் அப்படி இருக்கலாம். குப்பை கொட்டித் தீட்டாக்கினான் என்று எங்கேயும் இல்லை. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குப்பைமேட்டுக் கதையின் ஒரு காலை இந்த வசனத்தின் மேல்தான் ஊன்றுகிறார்கள்.

எரேமியா செய்ததுதான் பெயரின் தலையெழுத்தை மாற்றியது. 19-ஆம் அதிகாரத்தில் அவர் ஒரு மண்கலசத்தை வாங்கிக்கொண்டு, மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு, அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய், அவர்கள் கண்ணெதிரே கலசத்தை உடைக்கிறார். போகும் வழியில் ஒரு வாசல் வருகிறது. சில மொழிபெயர்ப்புகளில் அது கிழக்கு வாசல். பிந்திய மொழிபெயர்ப்புகள் அதை ஓட்டாஞ்சில்லு வாசல் என்று எடுக்கின்றன, எபிரேயச் சொல்லுக்கு அதுதான் பொருந்துகிறது. இனி இந்த இடம் தோப்பேத் என்றும் இன்னோமின் பள்ளத்தாக்கு என்றும் சொல்லப்படாது, "சங்காரப் பள்ளத்தாக்கு" என்று சொல்லப்படும். புதைக்க இடமில்லாத அளவுக்குப் பிணம் விழும். பறவைகளும் மிருகங்களும் தின்னும், விரட்ட ஆள் இருக்காது என்கிறார். பிள்ளைகளைக் கொன்ற இடத்தில் கொன்றவர்களே குவிந்து கிடப்பார்கள். தண்டனை குற்றம் நடந்த அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. ஏசாயா 30:33 ஏற்கெனவே அசீரிய ராஜாவுக்காக ஒரு தோப்பேத்தைக் காட்டியிருந்தது: ஆழமும் விசாலமுமான குழி, நிறைய விறகு, கந்தகத் தீயைப் போல் கொளுத்தும் கர்த்தரின் சுவாசம். ஏசாயாவின் கடைசி வசனத்தில் எருசலேமுக்கு வெளியே கிடக்கும் பிணங்களும், சாகாத புழுவும், அவியாத அக்கினியும் வருகின்றன. அங்கே பள்ளத்தாக்கின் பெயர் இல்லை. ஆனால் இந்த வசனங்களை ஒன்றாக வாசித்த அடுத்தடுத்த தலைமுறையினருக்கு எந்தப் பள்ளத்தாக்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சொல்லின் பயணம் இதற்கு அடுத்து நடக்கிறது. கிரேக்க பழைய ஏற்பாட்டில் யோசுவா 18:16-ல் இந்தப் பெயரை மொழிபெயர்க்காமல் 'கையென்னா' என்று ஒலியாகவே எழுதியிருக்கிறார்கள். அங்கே அது இன்னும் வெறும் எல்லைதான். ஏனோக்கின் பெயரில் உள்ள பழைய நூலில், எருசலேமின் பக்கத்தில் சபிக்கப்பட்ட ஒரு பள்ளத்தாக்கு துன்மார்க்கருக்காக வைக்கப்பட்டிருப்பதாக வருகிறது, பெயர் சொல்லாமல். முதல் நூற்றாண்டுக்கு வரும்போது அரமேயம் பேசிய யூதர் 'கேஹின்னாம்' என்று சொன்னார்கள். கடைசி மகரத்தை விட்டுவிட்டு கிரேக்கத்தில் 'கெஎன்னா' ஆனது. நாம் கெஹன்னா என்கிறோம். புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் 12 இடங்களில் வருகிறது: மத்தேயுவில் 7, மாற்கில் 3, லூக்காவில் 1, யாக்கோபில் 1. யாக்கோபைத் தவிர மற்ற எல்லாம் இயேசுவின் வாயிலிருந்து வருபவை. பவுல் ஒரு தடவைகூட இந்தச் சொல்லை எழுதவில்லை. யோவான் சுவிசேஷத்திலும் இல்லை. எருசலேமின் மண்ணும் எரேமியாவும் தெரிந்தவர்களுக்கு மட்டுமே உறைக்கும் சொல் அது. கொரிந்துவில் இருந்தவனிடம் சொன்னால் என்ன புரிந்திருக்கும்?

இப்போது குப்பைமேடு. இந்தக் கருத்தை எழுத்தில் சொன்னவர்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவர் டேவிட் கிம்ஹி என்ற யூத உரையாசிரியர். தென்பிரான்சில் நார்போன் என்ற ஊர்க்காரர், ஏறக்குறைய 1160 முதல் 1235 வரை வாழ்ந்தவர். 27-ஆம் சங்கீதத்துக்கு எழுதிய உரையில், கேஹின்னோம் எருசலேமுக்கு அருகே இருந்த அருவருப்பான இடம், அங்கே அசுத்தங்களையும் செத்த உடல்களையும் எறிவார்கள், அவற்றை எரிக்க நெருப்பு எப்போதும் இருக்கும், அதனால்தான் துன்மார்க்கருக்கான தீர்ப்புக்கு உவமையாக அந்தப் பெயர் வந்தது என்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இயேசுவுக்கும் அவருக்கும் நடுவே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல். அதுவும் கடல் தாண்டி, வேறு நாட்டில். புதிய ஏற்பாட்டில் இந்தக் குப்பைமேடு இல்லை. அந்த நூற்றாண்டின் எருசலேமைத் தெருத் தெருவாக வருணிக்கும் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் சொல்லவில்லை. யூத ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இல்லை, அதன்மேல் எழுந்த விரிவான விவாதத் தொகுப்பான தால்முதிலும் இல்லை.

மண்ணில் என்ன கிடைத்திருக்கிறது? முதல் நூற்றாண்டு எருசலேமின் பெரிய குப்பைக்கிடங்கு உண்மையிலேயே அகழாய்வில் கிடைத்திருக்கிறது. உடைந்த சமையல் பானைகள், நாணயங்கள், ஆட்டு எலும்புகள் என்று அடுக்கடுக்காக. ஆனால் அது இருப்பது தாவீதின் நகரம் எனப்படும் மேட்டின் கிழக்குச் சரிவில், கீதரோன் பக்கம். இன்னோம் பள்ளத்தாக்கின் சரிவுகளில் அதிகம் கிடைப்பவை கல்லறைகள், அதிலும் நன்றாகச் செதுக்கிய குடும்பக் கல்லறைகள். அக்கெல்தமா பகுதியில் 2000-ஆம் ஆண்டு கிடைத்த ஒரு கல்லறையில், முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஒருவரின் உடலைச் சுற்றிய துணி மிச்சமிருந்தது. அவருக்குக் குஷ்டரோகம் இருந்ததை மரபணுச் சோதனையில் கண்டார்கள். பணக்காரக் குடும்பங்கள் தங்கள் பெரியவர்களை எந்நேரமும் புகைந்து நாறும் குப்பைக்கு நடுவிலா அடக்கம் செய்திருப்பார்கள்? இது என் ஊகம்தான். மௌனமும் கல்லறையும் சேர்ந்தாலும் முழு நிரூபணம் ஆகிவிடாது.

மறுபக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். நெகேமியாவில் "குப்பைமேட்டு வாசல்" வருகிறது. அது நகரத்தின் தென்கோடியில், இரண்டு பள்ளத்தாக்குகளும் சேரும் பக்கமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டாஞ்சில்லு வாசல் என்ற பெயரும் உடைந்த பானைகளைக் கொட்டிய இடத்தைக் காட்டுவதாக இருக்கலாம். எரேமியா 31:40-ல் பிரேதங்களும் சாம்பலும் உள்ள ஒரு பள்ளத்தாக்கு வருகிறது. பெயர் சொல்லாவிட்டாலும் பலர் அதை இன்னோம் என்றே எடுக்கிறார்கள். ஆனால் அங்கே சாம்பலுக்கு வரும் எபிரேயச் சொல் 'தெஷென்'. பலிபீடத்தில் எரிந்த கொழுப்பின் சாம்பலுக்கு லேவியராகமத்தில் வரும் அதே சொல். அதை ஊர்க்குப்பை என்று எடுப்பது கஷ்டம். அந்த வசனம் முடியும் விதமும் கவனிக்க வேண்டியது: அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒருநாள் கர்த்தருக்குப் பரிசுத்தமாக இருக்கும் என்கிறார் எரேமியா. ஆக, அந்தப் பக்கம் எங்கோ கழிவு கொட்டியிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. "எப்போதும் எரிந்தது" என்பதற்கும், "அதனால்தான் நரகத்துக்கு அந்தப் பெயர் வந்தது" என்பதற்கும் ஆதாரம் கேட்கிறேன். அது யாரிடமும் இல்லை.

இருந்தும் இந்த விளக்கம் ஏன் இப்படிப் பரவியது? வசதியானது, அதனால். பயமுறுத்தும் ஒரு சொல்லை மாநகராட்சிக் காரியமாக மாற்றிவிடுகிறது. நரகத்தை நம்பத் தயங்குகிறவருக்கு "அது வெறும் உவமை" என்று சொல்ல உதவுகிறது. நம்பச் சொல்கிறவருக்கு "கண்ணால் பார்த்த நெருப்பு" என்று காட்ட உதவுகிறது. இரண்டு தரப்பும் கைவிட மனமில்லாமல் வைத்திருக்கும் கதை இது. எனக்கு இதில் இருக்கும் வருத்தம் வேறு. குப்பையை முன்னால் வைத்தால் பிள்ளைகள் மறைந்துபோகிறார்கள். "மூடனே என்று சொல்லுகிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாயிருப்பான்" என்று மத்தேயு 5:22-ல் கேட்டவனுக்கு, பக்தியின் பெயரால் சொந்தப் பிள்ளையைக் கொளுத்திய மேடையும், அதற்கு எரேமியா சொன்ன தீர்ப்பும் நினைவுக்கு வந்திருக்கும். மத்தேயு 23-ல் மதத்தலைவர்களைப் பார்த்து இயேசு இதே சொல்லைச் சொல்லும்போது அந்த நினைவு எங்கே போய்க் குத்தும் என்று யோசித்துப் பாருங்கள். நாற்றமடிக்கும் குப்பையால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

தமிழுக்கு வருவோம். நம் கையில் இருக்கும் பழைய திருப்புதல் 1871-ல் வந்தது. அதில் கெஹன்னாவுக்கு நரகம், எரிநரகம், நரக அக்கினி என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். நரகம் வடமொழிச் சொல். அதர்வ வேதத்திலேயே அதன் உறவுச் சொல் உண்டு. தமிழில் வேறு சொல்லே இல்லையா என்றால், வள்ளுவர் அளறு என்பார். "ஊனுண்ண அண்ணாத்தல் செய்யாது அளறு". அளறு என்றால் சேறு. நெருப்புக்குச் சேறு சரிவராது, வழக்கிலும் அது இல்லை. ஆகவே நரகம் என்றது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். முதல் நூற்றாண்டில் கெஹன்னா ஊர்ப்பெயர் என்ற நிலையைத் தாண்டித் தண்டனை இடத்தின் பெயராகிவிட்டிருந்தது; தமிழ் வாசகனுக்கு அதே இடத்தில் நிற்கும் சொல் நரகம்தான். இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது: எரேமியாவில் 'இன்னோம் பள்ளத்தாக்கு' என்றும் மத்தேயுவில் 'நரகம்' என்றும் வாசிக்கிற நமக்கு, இரண்டும் ஒரே பெயர் என்று தெரிய வழியே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நரகம் என்ற ஒரே சொல்லின் பின்னால் மூலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் ஒளிந்திருக்கின்றன. 2 பேதுரு 2:4-ல் பாவம் செய்த தூதர்களை "நரகத்திலே தள்ளி" என்று வருகிறது. அங்கே கெஹன்னா இல்லை. தார்தரஸ் என்ற கிரேக்கப் பெயரிலிருந்து வந்த வினை. கிரேக்கப் புராணத்தில் தீத்தன்களை அடைத்து வைத்த படுகுழி அது. புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. எபிரேயத்தின் ஷெயோல், கிரேக்கத்தின் ஹாதேஸ் இரண்டுக்கும் பெரும்பாலும் பாதாளம் என்று போட்டிருக்கிறார்கள். ஷெயோல் இறந்தவர் எல்லாரும், நல்லவர் கெட்டவர் என்ற பேதமில்லாமல், போய்ச் சேரும் கீழிடம். யாக்கோபு, யோசேப்பு செத்துவிட்டான் என்று நம்பி, துக்கத்தோடே பாதாளத்தில் இறங்குவேன் என்று அழுகிறாரே, அது ஷெயோல். தண்டனையைப் பற்றிய பேச்சே அங்கே கிடையாது. ஆனால் சங்கீதம் 9:17-ல் துன்மார்க்கர் "நரகத்திலே தள்ளப்படுவார்கள்" என்று இருக்கிறது. மூலத்தில் அங்கேயும் ஷெயோல்தான். சூழலைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லை மாற்றியிருக்கிறார்கள். ஐசுவரியவான்–லாசரு கதையில் வேதனைப்படும் இடம் ஹாதேஸ்; தமிழில் சரியாகப் பாதாளம் என்றே இருக்கிறது. அதை வைத்துக் கெஹன்னாவை விளக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

உங்கள் நண்பர் சொன்னது சரி. ஜஹன்னம் இதே சொல்தான். குர்ஆனில் 77 இடங்களில் வருகிறது. கிரேக்கம் தொலைத்த கடைசி மகரம் அரபியில் பத்திரமாக இருப்பதைக் கவனியுங்கள். ஆக, கிரேக்க வழியாக அது போகவில்லை. எத்தியோப்பிய கிறிஸ்தவர்களின் கீஸ் மொழியில் 'கஹன்னம்' என்று இருக்கிறது. அங்கிருந்து அரபிக்குப் போயிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. யூதர்களிடமிருந்து நேராகவே வந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதையும் அடிக்கடி கேட்கிறார்கள்: அரபியில் நெருப்புக்கு 'நார்' என்று பெயர், அதனால் நரகம் அரபியிலிருந்து வந்தது என்பார்கள். ஒலி ஒற்றுமை தற்செயல். இரண்டுக்கும் உறவு இல்லை.

யூத ரபிகள் இந்தச் சொல்லை வேறு விதமாக வளர்த்தார்கள். துன்மார்க்கருக்குக் கேஹின்னோமில் தீர்ப்பு பன்னிரண்டு மாதம் என்று ரபி அகிவா சொன்னதாக மிஷ்னாவில் இருக்கிறது. இறந்த தகப்பனுக்காக மகன் சொல்லும் கதீஷ் ஜெபத்தைப் பதினோரு மாதத்தோடு நிறுத்தும் வழக்கம் இதிலிருந்து வந்தது. பன்னிரண்டும் சொன்னால் அப்பாவைத் துன்மார்க்கன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். பாபிலோனியத் தால்முதில், பென் ஹின்னோம் பள்ளத்தாக்கில் இரண்டு பேரீச்ச மரங்கள் இருக்கின்றன, நடுவிலிருந்து புகை வரும், அதுதான் கேஹின்னோமின் வாசல் என்று ஒரு செய்தி வருகிறது. புகை இருக்கிறது பாருங்கள், குப்பை இல்லை.

முஸ்லிம் காலத்து எருசலேமில் ஜஹன்னம் பள்ளத்தாக்கு என்ற பெயர் கிழக்கே நகர்ந்து கீதரோனுக்குப் போய்விட்டிருந்தது. 1047-ல் அங்கே வந்த பாரசீகக் கவிஞர் நாசிர் குஸ்ரு அதைத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றால் நரகவாசிகளின் ஓலம் கேட்கும் என்று சாதாரண ஜனங்கள் சொல்கிறார்கள், நானும் போய் நின்று பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்கிறார். நேரில் போய்ச் சோதித்துப் பார்த்து எழுதிய அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த விளக்கத்தால் தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. கெஹன்னாவின் தண்டனை முடிவில்லாததா, அழிவா, சுத்திகரிப்பா என்பதைச் சொல்லின் வேர் தீர்மானிக்காது. அது வசனங்களையும் சபை மரபுகளையும் வைத்து நடக்க வேண்டிய வேறு விவாதம், நான் இங்கே அதற்குள் போகவில்லை. உங்கள் பிரசங்கியாரிடம் பேசப்போகிறீர்கள் என்றால், "குப்பைமேடு பொய்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். எரேமியா 7, 19 இரண்டையும், 2 இராஜாக்கள் 23:10-ஐயும், பிறகு மாற்கு 9:43 தொடங்கி 48 வரையும் அவரோடு உட்கார்ந்து வரிசையாக வாசியுங்கள். மாற்கில் "அவர்கள் புழு சாவாமலும் அக்கினி அவியாமலுமிருக்கும்" என்பது நம் பதிப்பில் மூன்று தடவை வரும். பழைய கிரேக்கப் பிரதிகளில் 48-ஆம் வசனத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது ஏசாயாவின் கடைசி வசனம் என்பதை அவரே காட்டிவிடுவார். அடுத்த கேள்வியை அங்கிருந்து கேளுங்கள்.